விழித்திருக்கும் பெட்டி

கிரியான் ஆறு பினாங்கு மாநிலத்தையும் பேராக் மாநிலத்தையும் பிரித்துக்கொண்டு மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் வழியில், வடகரைப் பக்கத்தில் நிபோங் திபாலும் தென்கரையில் பாரிட் புந்தாரும் அமைந்திருக்கின்றன. ரயிலில் இவை அடுத்தடுத்த நிலையங்கள். சந்தைக்கும் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் இக்கரையார் அக்கரை செல்வதும் அக்கரையார் இக்கரை வருவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியங்கள். ஆயினும் தொலைபேசி எண்களின் கணக்கில் இவ்விரண்டும் வேறு வேறு பிரதேசங்கள். இக்கரைக்கு எண் 04, அக்கரைக்கு 05. சிறிய ஊரொன்றில் தொலைபேசி வளர்ந்த விருத்தாந்தத்தைச் சொல்லப் புகுவோர், முதலில் அதை வாங்கியவர் யார், கம்பம் எந்தத் தெருவில் நட்டார்கள் என்று ஆரம்பிப்பது வழக்கம். நான் வேறொரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்க விரும்புகிறேன். எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கவேண்டுமானால், எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று ஓயாமல் விழித்திருக்க வேண்டும். அந்த விழிப்புக்கு வேண்டிய மின்சாரத்தை ஒருவர் கொடுத்தாக வேண்டும். நிபோங் திபாலில் அந்தப் பாரத்தை எந்தக் காலத்தில் யார் சுமந்தார்கள்?

இக்கேள்வி வீண் ஆராய்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், இணையத்தின் வழியாகப் பேசும் தொலைபேசிப் பெட்டிகளை வாங்கிய சாதாரணக் குடும்பங்கள் இராப்பகலாக யோசித்த கேள்வி இதுவே. கணினியை எப்போதும் ஓடவிடாமல் இந்தப் பெட்டியை ஓட்ட முடியுமா என்பதுதான் அவர்களுடைய கவலை. அக்கவலைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

தென் செபராங் பிறை என்று இன்று வழங்கும் இந்நிலப்பகுதி, வெல்லெஸ்லி மாகாணம் என்ற பெயரோடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது கரும்புக்குப் பேர்போனது. பத்து காவான் பக்கத்தில் சீனர்கள் தொடங்கிய கரும்புப் பயிரை, 1840களில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் பெரிய அளவில் விரித்தார்கள். அந்தக் கொல்லைகளில் வெட்டவும் சுமக்கவும் ஆலைகளில் காய்ச்சவும் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். கலிடோனியா, பைராம், சங்காட் என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் பள்ளிகளின் பெயரிலும் சாலைப் பலகைகளிலும் நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்தான் மாறியதே தவிர லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாழ்க்கை அமைப்பு நெடுங்காலம் மாறவில்லை.

இதற்கிடையில் விசித்திரமான ஒரு காரியம் நடந்தது. 1870ஆம் ஆண்டின் இறுதியில், பிரிட்டிஷ் இந்திய விரிவுத் தந்திக் கம்பெனியார் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்திக் கம்பியை இட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதைச் சிங்கப்பூர் வரை கொண்டு சென்றனர். ஆகவே இலண்டன் வியாபாரி பினாங்குச் சந்தையின் வெள்ளீய விலையை அறிந்துகொள்வதற்குரிய மார்க்கம், தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த கூலிகளின் கப்பல் பாதையை ஒட்டியே, அதே வங்கக் கடலின் அடியில் அமைந்தது. அந்தக் கம்பியால் லயத்துக்காரனுக்குக் கிடைத்த பிரயோஜனம் மிகச் சொற்பம். அவனுக்கு ஊர் என்றால் கடிதம். கடிதம் என்றால் கப்பல். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாக ஓடிய 'ரஜுலா' கப்பலே, அதன் பின் 'சிதம்பரம்' கப்பலே, அவனுடைய செய்திப் போக்குவரத்து இலாகா. தந்தி என்பது சாவுக்கும் சாவை ஒத்த ஆபத்துக்கும் மட்டுமே உரியது. அதையும் வாசித்துச் சொல்லத் தோட்ட எழுத்தராகிய கிராணியைத் தேடிப் போகவேண்டும்.

தோட்டத்தில் தொலைபேசி இருந்ததென்றால் அது ஆபீசில் இருந்தது, அல்லது துரையின் பங்களாவில் இருந்தது. ஆதி காலத்துக் கருவியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் வித்து அதில் இருக்கிறது. அந்தக் கருவியின் மரப் பெட்டிக்குள் உலர் மின்கலங்கள் இருந்தன. பேசுகிற குரலைக் கம்பியில் ஏற்றுவதற்கு வேண்டிய மின்சாரத்தை அவை கொடுத்தன. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுழற்றினால் உள்ளேயுள்ள காந்தச் சுருள் மின்சாரத்தை உண்டாக்கி, நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் முன் ஒரு தகட்டை விழச் செய்யும். அதாவது பேசுகிறவர் வீட்டிலேயே மின்சாரமும் இருந்தது. அந்த மின்கலங்கள் தீர்ந்தால் மாற்றிக் கொடுக்க ஆள் வரவேண்டும். இந்தத் தொல்லையை ஒழிப்பதற்காக 1890களில் அமெரிக்காவில் வேறொரு முறையைக் கண்டார்கள்: மின்கலங்களையெல்லாம் நிலையத்தில் ஒரே இடத்தில் கூட்டிவைத்து, குரல் போகும் அதே இரண்டு செப்புக் கம்பிகளின் வழியாகவே ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் மின்சாரத்தை அனுப்புவது. பொது மின்கல முறை என்பது இதுவே. நாட்டுப்புறங்களில் பழைய கைப்பிடிக் கருவிகள் இன்னும் பல்லாண்டு நீடித்தன என்றாலும், உலகமெங்கும் கடைசியில் நிலைத்தது இந்தப் புதிய முறைதான்.

இம்முறையின் பெருமை மின்வெட்டு வந்தபோதுதான் விளங்கும். நிலையத்தில் வரிசை வரிசையாக அடுக்கிய ஈய அமில மின்கலங்கள் 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பியில் ஓயாமல் நிறுத்தி வைத்திருக்கும். மணி அடிக்கவேண்டிய வேளையில் அதைவிட மிகுந்த அழுத்தமுள்ள வேறொரு மின்சாரம் சென்று மணியை ஆட்டும். மின்வாரியக் கம்பி அறுந்தாலும் நிலையத்து மின்கலங்களும் அவற்றுக்குத் துணையான இயந்திரமும் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும். தோட்டங்கள் பலவற்றில் சொந்த இயந்திரம் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடி லயங்களுக்கு விளக்குக் கொடுத்த காலம் அது. விளக்கு அணைந்தபின் முழுத் தோட்டமும் இருளில் கிடந்தாலும் ஆபீசுத் தொலைபேசி உயிரோடிருந்தது. அதன் உயிர் தோட்டத்து மின்சாரத்தைச் சார்ந்ததன்று. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் போனதே, அத்தகைய நாளையும் எண்ணித்தான் இம்முறையை அமைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் தூங்கலாம், வீடே இருண்டு கிடக்கலாம், நிலையம் விழித்திருக்கும். இந்த விழிப்புக்கு விலை மாதவாடகையிலேயே அடக்கமாக இருந்தமையால், அப்படி ஒரு விலை இருப்பதே எவர் கண்ணிலும் படவில்லை.

இலாகா நிர்வாகத்தில் நடந்த மாறுதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போருக்குப் பின் 1946இல் மலாயாத் தொலைத்தொடர்பு இலாகா தனியாக அமைந்தது. 1970இல் குவாந்தானில் துணைக்கோள நிலையம் வந்தது. 1987 ஜனவரி முதல் தேதியன்று இலாகா கம்பெனியாயிற்று. 1990இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. நிபோங் திபாலில் கடைவீதியின் தொலைபேசிக் கூண்டுக்கு முன்னே, சில்லறைக் காசோ தொலைபேசி அட்டையோ கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இம்மாறுதல்களெல்லாம் பெரிய விஷயமல்ல. ஊருக்குப் பேசினால் நிமிஷத்துக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பதுதான் விஷயம். பயிரை விட்டுத் தொழிற்சாலைக்கு மாறிய தலைமுறை அது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தில் இன்டெல் கம்பெனியார் அமெரிக்காவுக்கு வெளியே தமது முதல் தொழிற்சாலையைத் திறந்தனர். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் நுண்சில்லுகளைச் சோதித்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கப் போனார்கள், பிறகு வேலைக்கும் போனார்கள்: சிங்கப்பூருக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, சிலர் அமெரிக்காவுக்கு. தமிழ்நாட்டுக்குக் கடிதம் எழுதுவது குறைந்தது. வேறு திசைகளுக்குப் பேச்சுக் கூடியது. பிரிவின் திசை மாறியதே தவிர பிரிவு நீங்கவில்லை.

குரலை இணையத்தில் அனுப்பும் வித்தை ஆராய்ச்சியாளர்களிடத்தில் பழையது; அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் 1970களின் நடுவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கடைக்கு வந்தது 1995இல். வோக்கல்டெக் என்ற இஸ்ரேலியக் கம்பெனி விற்ற மென்பொருள் அது. மலேசியாவில் ஜாரிங்கும், 1996 முதல் டிஎம்நெட்டும் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைக் கொடுத்தன. 1515 என்ற எண்ணை மோடம் சுழற்றும், கீச்சென்றும் கரகரவென்றும் ஒலி எழும், பிறகு நிசப்தம், இணையம் வந்துவிட்டது. அவ்வழியில் கணினியின் முன் ஒலிவாங்கியை வைத்துப் பேசிய அனுபவத்தைச் சம்பாஷணை என்று சொல்வது மிகை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சொல் பாதியில் அறுந்தது. இருவரும் ஒரே சமயத்தில் பேசி ஒரே சமயத்தில் மௌனமானார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது: இருவரும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, இருபுறமும் கணினியைத் திறந்து வைத்திருந்தாலன்றிப் பேச முடியாது. மணி அடிப்பதற்கு இதில் இடமில்லை. நூறாண்டு பாடுபட்டு நிலையத்தின் மேல் ஏற்றிய விழிப்பின் பாரம் மறுபடியும் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதைச் சுமப்பதற்கு வீடு தயாராக இல்லை.

2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் அகன்ற அலைவரிசை இணையம் வந்தபோது, எப்போதும் இணைந்திருக்கும் கம்பி வீட்டுக்குள் வந்தது. அதே ஆண்டில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் பேராக்கிலிருந்து நிபோங் திபாலுக்கு இடம்பெயர்ந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் வந்தமையால் ஊரில் கணினிக் கடைகளும் கணினி பழுதுபார்க்கும் இளைஞர்களும் பெருகினார்கள். அப்போது உலகச் சந்தையில் சிறு பெட்டி ஒன்று ஏற்கனவே வந்திருந்தது. 2000இல் சிஸ்கோ கம்பெனியார் கோமோடோ என்னும் சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் பெட்டியைத் தம் பெயரில் விற்றனர். 2002 முதல் வோனேஜ் என்ற அமெரிக்கக் கம்பெனி அத்தகைய பெட்டியை வீடுகளுக்குக் கொடுத்துத் தொலைபேசிச் சேவை நடத்தியது. கோமோடோவைத் தொடங்கியவர்களே பிறகு சிபூரா என்ற பெயரில் இன்னும் மலிவான பெட்டிகளைச் செய்தார்கள். 2005இல் அதையும் சிஸ்கோவே வாங்கியது.

இப்பெட்டி செய்யும் காரியத்தை நுணுகிப் பார்த்தால் அது ஒரு சிறிய தொலைபேசி நிலையம் என்பது தெரியும். ஒரு புறத்தில் சாதாரணத் தொலைபேசியைச் செருகுகிறோம். பெட்டி அந்தக் கம்பியில் தானே மின்சாரம் ஏற்றுகிறது. கையில் எடுத்ததும் கேட்கும் 'ஙொய்' என்ற ஒலியைத் தானே உண்டாக்குகிறது. தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலி என்று நினைத்துக் கேட்கிறோமே, அது நம் மேசையின் மேலுள்ள பெட்டி எழுப்பும் ஒலி. மணி அடிப்பதும் அதுவே. பேசும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இரும இலக்கங்களாக எழுதி, இருபது மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி மறுபுறத்துக் கம்பியில் அனுப்புகிறது; நொடிக்கு ஐம்பது பொட்டலம். இவற்றுக்கு மேலாக, பேச்சே இல்லாத நேரத்திலும் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தொலைவிலுள்ள சேவைக் கணினிக்கு, 'நான் இங்கே இருக்கிறேன், இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டின் ரௌட்டர் ஒரே பொது முகவரியின் பின்னால் எல்லாக் கருவிகளையும் ஒளித்துவைப்பதால், பெட்டி இவ்வாறு கதவைத் தட்டிக்கொண்டே இராவிட்டால் உள்ளே வரும் அழைப்புக்கு வழி மூடிவிடும். இதற்கெல்லாம் செலவாகும் மின்சாரம் ஐந்து வாட் அளவு. கணினியின் உதவி இதற்குத் தேவையே இல்லை.

அப்படியிருக்க, கணினியை ஓடவிட வேண்டிய கவலை எங்கிருந்து வந்தது? மலிவிலிருந்து வந்தது. 2007இல் அமெரிக்காவில் மேஜிக்ஜாக் என்றொரு சாதனம் விற்பனைக்கு வந்தது. கட்டைவிரல் அளவுள்ள அதன் ஒரு முனையைக் கணினியின் யூஎஸ்பி துவாரத்தில் செருகவேண்டும். மறுமுனையில் சாதாரணத் தொலைபேசியைச் செருகவேண்டும். விலை ஏறக்குறைய 40 டாலர். அதில் முதல் ஆண்டுச் சேவை அடக்கம். பின்னர் ஆண்டுக்கு 20 டாலர். அமெரிக்காவிலும் கனடாவிலும் யாரை அழைத்தாலும் தனிக் கட்டணமில்லை. அமெரிக்க எண் ஒன்றும் கிடைக்கும். அதை எந்த நாட்டிற்கு எடுத்துச்சென்று செருகினாலும், இணையம் இருந்தால் அது அமெரிக்கத் தொலைபேசியாகவே நடந்துகொள்ளும். சென்னையிலும் ஐதராபாத்திலும் போலவே மலேசியாவிலும், அமெரிக்காவில் பிள்ளை இருந்த வீடுகளில் அது பயணப் பெட்டியில் வந்திறங்கியது. இந்தச் சாதனம் மலிவாக இருந்ததன் இரகசியம் எளியது: சிறு நிலையமாகிய பெட்டியின் மூளை வேலையைச் செய்ய அதில் எதுவும் வைக்கவில்லை, அந்த வேலையை வாங்குபவருடைய கணினியே செய்யவேண்டும். கணினி அணைந்தால் தொலைபேசியும் அணைந்தது. வருகிற அழைப்பு குரலஞ்சலுக்குப் போய்விடும். மலிவு என்று விளம்பரத்தில் சொன்னவர்கள் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேசைக் கணினி ஒன்று சுமார் நூறு வாட் தின்னும் என்று கொண்டால், நாள் முழுதும் ஓடினால் மாதத்துக்கு 72 யூனிட். வீட்டு உபயோகத்துக்கு அந்நாளில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.8 காசு, அடுத்த நூறுக்கு 33.4 காசு. குறைந்த விகிதத்திலேயே பார்த்தாலும் மாதம் 15 வெள்ளி 70 காசு. ஆண்டுக்கு 188 வெள்ளி. சேவைக் கட்டணமாகிய 20 டாலரோ அன்றைய மாற்று விகிதத்தில் அறுபது எழுபது வெள்ளிதான். தொலைபேசிக் கம்பெனிக்குக் கொடுத்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு மின்சாரத்துக்குப் போயிற்று. தனியே இயங்கும் சிறு பெட்டிக்கு அதே விகிதத்தில் மாதம் 80 காசுகூட ஆகாது.

எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், ஜாவிக்குப் போகும் வழியிலுள்ள தாமான் குடியிருப்பு ஒன்றில், இந்தச் சாதனம் இருந்த விதத்தை இங்கே எழுதவேண்டும். மகன் விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்று, தையல் இயந்திரத்தின் பின்னால், திரையை மூடியபடி, ஒரு செங்கல்லின் மேல் கிடந்தது. அடியில் காற்றுப் போவதற்காகச் செங்கல். மூடினாலும் உறங்காதபடி அதன் அமைப்பை மாற்றியிருந்தார்கள். அதன் பக்கவாட்டில் மேஜிக்ஜாக். அதிலிருந்து ஒரு கம்பி சுவரோரமாக ஓடிக் கூடத்திலுள்ள தொலைபேசிக்குச் சென்றது. தொலைபேசியின் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில் பேத்தி மீனாவின் எண். வீட்டிலிருந்த ஆயாவுக்குக் கணினி என்றால் என்னவென்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்தச் செங்கல்லின் மேலுள்ளதை யாரும் தொடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போன மருமகளைப் பார்த்து, "அதத் தொட்றாதம்மா, மீனா லைன் அறுந்து போயிரும்" என்றார்.

மீனாவின் அழைப்பு அறுந்ததற்குத் துடைப்பம் காரணமல்ல. நள்ளிரவில் கணினி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கி, கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். காலையில் தொலைபேசி செத்திருக்கும். மாலைதோறும் இடி இடிக்கும் பிரதேசம் இது. ஓர் இடிக்கு மீட்டர் பெட்டியிலுள்ள சுவிட்சு விழும், மற்றோர் இடிக்கு மோடம் போய்விடும். ஆகவே மேகம் கறுத்ததும் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிவிடுவது இங்கே குடும்ப வழக்கம். பிடுங்கியதைத் திரும்ப எந்த வரிசையில் செருகுவது என்பதுதான் ஒருவருக்கும் ஞாபகமிராது. இதுவன்றி அமெரிக்க எண்ணால் வந்த ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கே பட்டப்பகலில் கடன் அட்டை விற்பவன் வரிசையாக எண்களைச் சுழற்றினால், பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் முந்திய நிபோங் திபாலில் அகால வேளையில் மணி அடிக்கும். தூக்கத்தில் எழுந்துவந்த ஆயா அவனிடம் தமிழில் நலம் விசாரித்ததாகக் கேள்வி.

மேஜிக்ஜாக் தன் சங்கேதச் சொல்லை வெளியே காட்டாமல் மறைத்து வைத்திருந்தபடியால், அந்தச் சேவையைச் சிபூரா போன்ற வேறு பெட்டியில் நேரடியாக ஏற்றுவது சாதாரணமானவர்களுக்கு முடியாத காரியம். ஆகவே மலிவை விடவும் மனமின்றி, மின்சாரம் கொடுக்கவும் மனமின்றி நின்றவர்கள் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். வங்கிகளும் அலுவலகங்களும் கழித்துப்போட்ட, விசிறியும் வட்டும் இல்லாத சிறு முனையக் கணினிகளை விலைக்கு வாங்கி, அவற்றில் தேவையற்ற யாவற்றையும் நீக்கி, தொலைபேசிக்கென்றே ஒதுக்கினார்கள். 2007க்குப் பின் வந்த குட்டி மடிக்கணினிகளையும் அவ்வாறே பயன்படுத்தினார்கள். பதினைந்து வாட் தின்னும் அத்தகைய கணினிக்கு மாதம் 2 வெள்ளி 35 காசு. ரௌட்டருக்குள்ளேயே வேறு மென்பொருளை ஏற்றி அதனையே தொலைபேசி நிலையமாக்கிய சூரர்களும் உண்டு. ஆனால் அது இளைஞர்களின் விளையாட்டாக இருந்ததே தவிர வீடுகளின் வழக்கமாகவில்லை. என் அபிப்பிராயத்தில் இந்தக் கழித்துப்போட்ட கணினிகளே இச்சரித்திரத்தின் சுவையான பாகம். கம்பெனியார் பெட்டியில் வைக்காமல் விட்ட மூளையை, வாங்கியவர்கள் கழிவுப் பொருள்களிலிருந்து தாங்களே தேடிப் பொருத்திக்கொண்டார்கள்.

2011இல் கம்பெனியே அந்த மூளையை உள்ளே வைத்து மேஜிக்ஜாக் பிளஸ் என்று விற்றது. முதன்முறை பதிவு செய்வதற்கு மட்டும் கணினி வேண்டும். அதன்பின் ரௌட்டரிலேயே நேராகச் செருகிவிடலாம். செங்கல்லின் மேலிருந்த மடிக்கணினிக்கு ஓய்வு கிடைத்தது.

இங்கே பினாங்குக்குரிய மற்றொரு சங்கதியும் சேர்கிறது. பெட்டி ஓயாமல் கதவைத் தட்டவேண்டியிருப்பது, உலகத்தில் பொது முகவரிகள் போதாமையால் அவற்றைப் பலர் பங்கிட்டுக்கொள்வதன் விளைவு. பழைய முறையில் கிடைக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி; 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்புத் தீர்ந்தேபோயிற்று. இதற்குப் பரிகாரமாக வந்த ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறைக்காக, 2005இல் தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று நிறுவப்பட்டது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான். அதனை வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். புது முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கே உரிய முகவரி கிடைக்குமாதலால், ஒளிந்திருந்து கதவைத் தட்டும் வேலை அதற்குக் குறையும். வலையின் வழியே குரலையும் படத்தையும் அனுப்பிக் கூட்டம் நடத்தும் முறையிலும் அவருடைய குழுவினர் நெடுங்காலம் உழைத்தார்கள். சென்னைக் கம்பி வந்து கரையேறிய அதே தீவில் இவ்வேலை நடந்தது பொருத்தமே. அதன் பின்னும் அந்தக் கடல்வழி ஓயவில்லை. 2002இல் கொச்சி வழியாகத் தென்னாப்பிரிக்கா செல்லும் ஒளியிழைக் கம்பியும், பிறகு சென்னையைத் தொடும் வங்காள விரிகுடாக் கம்பியும் பினாங்கில் கரையேறியிருக்கின்றன.

அரசாங்கமும் இந்தப் புதுப் பேச்சு முறையைக் கவனிக்காமல் இல்லை. 1998இல் இயற்றிய தொடர்பு, பல்லூடக ஆணையச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம், இணையத் தொலைபேசிக்கென்று 0154 எனத் தொடங்கும் எண்களை ஒதுக்கியது. கிரியானுக்கு இக்கரை 04, அக்கரை 05 என்ற பழைய எல்லைக்கு அவ்வெண்ணில் பொருளே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தாலும் எண் மாறாது. ஆனால் சந்தையில் அவ்வெண்கள் பெரிதாக வேரூன்றுவதற்குள் கைத்தொலைபேசி முந்திக்கொண்டது.

2010 மார்ச்சில் யூனிஃபை என்னும் ஒளியிழைச் சேவை வந்தபோது, பெட்டியின் சரித்திரம் எவரும் எதிர்பாராத முறையில் முடிந்தது. அல்லது முழுமை பெற்றது என்று சொல்லலாம். அச்சேவையில் வீட்டுத் தொலைபேசிக்கென்று செப்புக் கம்பி கிடையாது. சுவரில் மாட்டும் இணையப் பெட்டியின் பின்புறத்திலேயே தொலைபேசிக்கென்று ஒரு துவாரம் இருக்கிறது; அதன் உள்ளே இருப்பது மேலே சொன்ன சிறு நிலையமேதான். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த விநோதப் பொருளாயிருந்தது, இப்போது கம்பெனியே வந்து மாட்டிவிட்டுப் போகும் சாதாரண வீட்டுத் தொலைபேசியாயிற்று. கணினி வேண்டுமா என்று கேட்பார் ஒருவருமில்லை. ஆனால் மின்சாரம் வேண்டும். செப்புக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டியபோது, நிலையத்து மின்கலங்கள் வீட்டுக்குச் செய்துவந்த சேவையையும் அதோடு சுருட்டிவிட்டார்கள். இதைப் பயனாளிகளுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. தனியே வாழும் முதியவர் ஒருவர் மின்வெட்டு நேரத்தில் 999ஐ அழைக்க நினைத்தால், கூடத்துத் தொலைபேசியை நம்பியிருக்க முடியாது. சில்லறைக் குறை என்று இதை ஒதுக்குவதற்கு எனக்குச் சம்மதமில்லை. விழிப்பின் பாரத்தை மறுபடியும் வீட்டின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, அது ஏறியிருப்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

பரிகாரம் இல்லாமலும் இல்லை. ஒளியிழை கண்ணாடியாலானது, அது மின்சாரத்தைச் சுமந்து வராது என்பது அதன் குறையாயினும், நிலையத்துக்கும் தனி வீட்டுக்கும் நடுவில் தெருவோரத்தில் மின்சாரம் வேண்டும் கருவிகள் இல்லாதபடி அதை அமைக்க முடிகிறது என்பது அதன் நிறை. நடுவில் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிக் கிளைகள் மட்டுமே உண்டு. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. நிலையத்துக்கு அதன் மின்கலங்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே வீட்டிலுள்ள இணையப் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் உயிர் கொடுக்க முடிந்தால், ஊர் முழுதும் இருண்டிருக்கும்போதும் கூடத்துத் தொலைபேசி பேசும். இவ்விரண்டும் பெரும்பாலும் பன்னிரண்டு வோல்ட்டில் இயங்குவன. அந்த அளவுக்கென்றே கையடக்கமான லித்தியம் மின்கலப் பெட்டிகள் இப்போது கணினிக் கடைகளில் விற்கின்றன. சுவர்ச் செருகிக்கும் இவ்விரண்டுக்கும் இடையில் அதைப் பொருத்திவிட்டால் போதும், மின்சாரம் போன நொடியிலேயே அது பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வாங்குவோர் கவனிக்கவேண்டியவை இரண்டு: இணையப் பெட்டியின் மின்செருகியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் மின்கலப் பெட்டியின் எண்களோடு பொருந்தவேண்டும், கூடத்திலிருப்பது கம்பியில்லாத கைப்பிடித் தொலைபேசியானால் அதன் அடித்தட்டுக்கும் தனியே மின்சாரம் வேண்டுமாதலால், பழைய கம்பித் தொலைபேசி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிச் செருகிவைப்பது உத்தமம்.